கலகக்காரனின் பக்கத்தில் நிற்பவர்கள்

1834 ஜூன் மாதத்தில் மெக்காலே மதராஸ் கரையில் வந்து இறங்கியபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். வருகிறவர் எவராயினும் மசூலாப் படகில் ஏறி, அலைகளின் மேல் தூக்கி எறியப்பட்டுத்தான் மணலைத் தொட முடியும். இந்தியாவில் ஆங்கிலவழிக் கல்வியை வலியுறுத்தி அடுத்த ஆண்டில் அவர் எழுதிய கல்விக் குறிப்பைப் பற்றி நாம் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் இங்கே வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1831-இல், ஆங்கிலக் கவிஞர் பைரனைப் பற்றித் தாமஸ் மூர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்கு மதிப்புரையாக அவர் எழுதிய கட்டுரையை இலக்கிய மாணவர்கள் தவிர வேறு எவரும் நினைவுகூர்வதில்லை. பைரனால் தம் கவிதைகளில் ஒரே ஓர் ஆணைத்தான் படைக்க முடிந்தது என்று மெக்காலே அதில் சொன்னார். அந்த ஆண் செருக்குடையவன், சிடுசிடுப்பானவன், எதையும் நம்பாதவன். நெற்றியில் எதிர்ப்பும் நெஞ்சில் துயரமும் சுமப்பவன். மனித இனத்தை இகழ்பவன், பழிவாங்குவதில் இரக்கமற்றவன். ஆயினும் ஆழமாகவும் உறுதியாகவும் அன்பு செலுத்தக்கூடியவன். இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. அந்த வரையறையில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டிய தேவை இன்னும் ஏற்படவில்லை.

நான் வடசென்னையில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை எனச் சுற்றுப்பக்கத்திலிருந்து வரும் மாணவர்களே பெரும்பாலோர். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் மலர்களும் கீட்ஸின் தாழியும் அவர்களைத் தொட நேரம் எடுத்துக்கொள்கின்றன. பைரனின் நாயகனோ வகுப்பறைக்குள் வந்த மறுகணமே அவர்களுக்கு உறவினன் ஆகிவிடுகிறான். தலை குனியாதவன், விளக்கம் சொல்லாதவன், தன் காயத்தைத் தானே வைத்துக்கொள்பவன் என்று அவனை அவர்கள் உடனே அடையாளம் காண்கிறார்கள். அந்த ஈர்ப்பை நான் மதிக்கிறேன். இந்த நாயகனை அவனுடைய கண்களால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்பதும், அவன் பக்கத்தில் நிற்பவர்களின் கண்களால் படிக்கும்போதுதான் இந்தப் படைப்புகள் முழுமையாகத் திறக்கின்றன என்பதும் பல ஆண்டுகளாக இவற்றைக் கற்பித்ததில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணங்கள். அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

பைரன் இந்த நாயகனை வெறும் காற்றிலிருந்து உண்டாக்கவில்லை. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' 1667-இல் வெளிவந்தது. விண்ணகத்தில் பணிவதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்று அதில் முழங்கும் சாத்தான்தான் இவ்வகை மாந்தர் அனைவருக்கும் மூதாதை. மில்டன் தம்மை அறியாமலேயே சாத்தானின் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தார் என்று கவிஞர் பிளேக் எழுதியதற்குப் பிறகு, அந்தக் காவியத்தைப் பழையபடி படிக்க ரொமாண்டிக் கவிஞர்களால் முடியவில்லை. ஜெர்மனியில் ஷில்லரின் 'கொள்ளையர்கள்' நாடகம் 1782 ஜனவரியில் மான்ஹைமில் அரங்கேறியது. குடும்பத்தால் வஞ்சிக்கப்பட்டுக் காட்டுக்குள் போய்க் கொள்ளையர் தலைவனாகும் கார்ல் மூர் அதன் நாயகன். ஆன் ராட்கிளிஃபின் திகில் புதினங்களில் வரும், வெளிறிய முகமும் ஊடுருவும் பார்வையும் கொண்ட வில்லன்களிடமிருந்து புறத்தோற்றம் கிடைத்தது. இந்தச் சரக்கு முழுவதும் பைரனுக்கு முன்பே இருந்தது. அதனோடு அவர் தம் சொந்த முகத்தை ஒட்ட வைத்தார் என்பதே புதுமை. பிறவியிலேயே ஊனமுற்ற பாதம், பத்து வயதில் வந்துசேர்ந்த பிரபுப் பட்டம், பாழடைந்த நியூஸ்டெட் மாளிகை, ஊரெங்கும் பரவிய வதந்திகள் ஆகிய அனைத்தும் கவிதைக்குள்ளிருப்பவனையும் எழுதுகிறவரையும் வாசகர் மனத்தில் ஒருவராக்கிவிட்டன.

1812 மார்ச் 10 அன்று 'சைல்டு ஹரால்டின் யாத்திரை'யின் முதல் இரண்டு காண்டங்கள் வெளிவந்தன. முதற்பதிப்பின் 500 படிகளும் மூன்றே நாளில் தீர்ந்தன. ஒரு காலையில் கண்விழித்தபோது புகழ்பெற்றவனாக இருந்தேன் என்று பைரன் சொன்னதாக மூர் பதிவு செய்திருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1814 பிப்ரவரியில் வந்த 'கோர்சேர்' என்னும் நெடுங்கவிதை, வெளியான அன்றே பத்தாயிரம் படிகள் விற்றது. கவிதைப் புத்தகம் ஒன்று ஒரே நாளில் அவ்வாறு விற்றது அதற்கு முன்பு எவரும் கண்டிராத நிகழ்ச்சி.

ஆனால் அந்த 1812 மார்ச்சுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு நடந்த ஒன்றுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. பிப்ரவரி 27 அன்று பைரன் பிரபுக்கள் அவையில் தம் கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். நாட்டிங்ஹாம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர்கள், புதிய தறிகளாலும் கூலிக் குறைப்பாலும் வயிற்றுக்கு வழியில்லாமல் போய், இயந்திரங்களை உடைத்துவந்தார்கள். அவ்வாறு உடைப்பவருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. அதை எதிர்த்துத்தான் அவர் பேசினார். நீங்கள் இவர்களைக் கும்பல் என்கிறீர்கள். உங்கள் வயல்களில் உழைப்பதும், உங்கள் வீடுகளில் பணிபுரிவதும், உங்கள் கடற்படையை இயக்குவதும் இந்தக் கும்பல்தான் என்று இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் பிரபுக்களின் முகத்துக்கு நேரே சொன்னார். மசோதா நிறைவேறிவிட்டது என்பது வேறு. இந்தப் பேச்சை நான் எப்போது படித்தாலும், பெரம்பூர் ஆலையில் தறி ஓட்டிய என் தாத்தாவின் நினைவு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

இத்தகைய பேச்சைப் பேசியவர், தம் நெடுங்கவிதை ஒன்றிலேனும் ஒரு தறித் தொழிலாளியை நாயகனாக வைத்தாரா என்றால், இல்லை. அவர்களுக்காகச் சில சிறு பாடல்களை எழுதினார், அவ்வளவுதான். காவியத்துக்குத் தகுதியான கலகம் என்பது தனியொருவனின் கலகமாகவே அவருக்குப் பட்டது. பிள்ளைகுட்டிகளோடு, பசியோடு, பக்கத்து வீட்டுக்காரனோடு கலந்து பேசி முடிவெடுத்துக் கலகம் செய்பவனை அந்தக் கவிதை உலகம் அறியவில்லை. 'கோர்சேர்' அடுத்து வந்த 'லாரா'வில் இந்த இடைவெளி மிகத் துலக்கமாகத் தெரிகிறது. லாரா என்னும் பிரபு தன் பண்ணையாட்களை விடுவித்து, அவர்களைத் திரட்டி, பிற பிரபுக்களுக்கு எதிராகப் போர் தொடுக்கிறான். ஏழைகளின் எழுச்சிதானே இது என்று நாம் நினைக்கும் இடத்தில், இந்தக் கூட்டத்தின் விடுதலையைப் பற்றி அவனுக்கு என்ன கவலை, செருக்குடையோரைத் தாழ்த்துவதற்காகவே அவன் எளியோரை உயர்த்தினான் என்று பைரனே சொல்லிவிடுகிறார். தன் சொந்தப் பகைக்குத் துணையாக லாரா அவர்களைக் கூட்டிச்சென்றான். நம்பிப் பின்னால் போனவர்கள் களத்தில் மடிந்தார்கள். தம் நாயகனைப் பற்றி இவ்வளவு கூர்மையாக வேறு எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது. பைரனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கவிதையின் ஒளியை அவர் லாராவின் மேலேயே வைத்தார் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

வடசென்னையில் வளர்ந்தவருக்குக் கலகம் என்ற சொல்லோடு சேர்ந்து வரும் நினைவுகள் வேறு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது, பி. பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு ஆகியோரின் பெயர்கள் அதனோடு சேர்ந்தவை. ஆயினும் அந்தச் சங்கத்தின் உடல், பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் விடியற்காலையில் சங்கு ஊதியதும் உள்ளே போனவர்கள்தாம். 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் சாதியால் பிளவுண்டு, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன வரலாறும் இதே தெருக்களுக்கு உரியது. அந்தத் துயரத்தையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். சேர்ந்து நிற்பது அவ்வளவு கடினமானது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. தனியாக மலையுச்சியில் நின்று வானத்தைச் சபிப்பது அதைவிட எளிது என்று பைரனின் மான்ஃபிரெட்டைக் கற்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

மான்ஃபிரெட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1817-இல் வந்த அந்த நாடகக் கவிதையின் முடிவில், ஆவிகள் அவனை இழுத்துச் செல்ல வரும்போது, அவன் அவற்றுக்கும் பணிவதில்லை, மன்னிப்பு வழங்க வந்த மடாதிபதிக்கும் பணிவதில்லை. முதியவரே, இறப்பது அப்படியொன்றும் கடினமில்லை என்று சொல்லிவிட்டுச் சாகிறான். என் குற்றத்துக்கு நானே நீதிபதி, எனக்கு வெளியே நிற்கும் எவரும் என்னைத் தண்டிக்கவும் வேண்டாம், மீட்கவும் வேண்டாம் என்ற அந்த நிமிர்வு உண்மையானது. வேலைக்கான நேர்காணலில் வீட்டு முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகிய ஓர் இளைஞனுக்கு, அந்த நிமிர்வு எவ்வளவு பெரிய மருந்து என்பதை நான் நன்றாகவே அறிவேன்.

ஆகவேதான் 'கோர்சேர்' கவிதையை நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். கான்ராட் என்னும் கடற்கொள்ளையர் தலைவன், செயித் பாஷாவின் கோட்டைக்குள் துறவி வேடத்தில் நுழைகிறான். அவனுடைய ஆட்கள் கப்பல்களுக்குப் பிறகு மாளிகைக்கும் தீ வைக்க, அது அந்தப்புரத்துக்கும் பரவுகிறது. பெண்களின் அலறலைக் கேட்டதும் கான்ராட் போரை நிறுத்தி, அவர்களைக் காப்பாற்றுமாறு ஆணையிடுகிறான். செயித்தின் அடிமையான குல்னாரைத் தன் கைகளிலேயே தூக்கி வருகிறான். அந்தத் தாமதத்தில் எதிரிகள் திரண்டுவிட, அவன் பிடிபட்டு, கழுவேற்றப்படும் நாளுக்காகச் சிறையில் கிடக்கிறான். இதுவரை அவனை நாம் முழு மனத்தோடு நேசிக்கலாம். குல்னார் இரவில் சிறைக்கு வருகிறாள்; செயித்திடம் அவனுக்காக மன்றாடிப் பார்க்கிறாள்; அதன் பயனாகத் தன் உயிருக்கே ஆபத்து வந்தபின், ஒரு குறுவாளோடு திரும்பி வந்து, செயித்தைக் கொன்றுவிட்டுத் தப்பிப்போம் என்கிறாள். தூங்குகிறவனைக் கொல்வது என் வழக்கமில்லை என்று கான்ராட் மறுக்கிறான். குல்னார் தானே போய் அதைச் செய்துவிட்டு வருகிறாள். அவளுடைய நெற்றியில் ஒரு சிறு இரத்தத் துளி மட்டும் ஒட்டியிருக்கிறது.

அந்தத் துளியைக் கண்டதும் கான்ராடின் உடல் நடுங்குகிறது. கடலெங்கும் இரத்தம் சிந்தியவன், எத்தனையோ பேரின் சாவுக்குத் தலைமை தாங்கியவன், தன் உயிரைக் காக்க ஒருத்தி செய்த ஒரு கொலையைப் பார்த்துக் குளிர்ந்துபோகிறான். தப்பிச் செல்லும் கப்பலில் அவளுக்கு அவன் தரும் முத்தத்தில் மன்னிப்பு இருக்கிறது. நன்றி குறைவாகவே இருக்கிறது. அவளோ ஒரே இரவில் தான் அறிந்த வாழ்க்கை முழுவதையும் எரித்துவிட்டு வந்தவள், அடிமையாக விற்கப்பட்டவள், கொல்லாவிட்டால் கொல்லப்பட்டிருப்பாள். கலகக்காரன் என்று இந்தக் கவிதையில் எவரையாவது அழைக்க வேண்டுமானால் அது குல்னாராகத்தான் இருக்க முடியும். ஆண் செய்தால் வீரமாகவும் பெண் செய்தால் கறையாகவும் தெரியும் செயலை, அந்த ஒரு துளி இரத்தத்தில் பைரன் நம் முன் வைத்துவிட்டார். கான்ராட் ஊர் திரும்பும்போது காதலி மெடோரா, அவன் இறந்துவிட்டதாக எண்ணி உயிர் நீத்திருக்கிறாள். அவனும் மறைந்து போகிறான். ஒரு நற்பண்போடும் ஆயிரம் குற்றங்களோடும் பிணைந்த பெயரை அவன் விட்டுச்சென்றான் என்று கவிதை முடிகிறது. குல்னார் என்ன ஆனாள் என்பதைக் கவிதை சொல்வதில்லை. 'லாரா'வில், ஆண் வேடத்தில் லாராவுக்குப் பணிவிடை செய்து, அவன் இறக்கும்போதுதான் பெண்ணென்று தெரியவரும் காலெட், இதே குல்னார்தான் என்று பல வாசகர்கள் நம்பினார்கள். அந்தக் கவிதையைக் 'கோர்சேர்' தொடர்ச்சியாகக் கொள்ளலாம் என்ற குறிப்பைப் பைரனே தந்திருந்தார். அப்படியானால் அவளுக்குக் கிடைத்தது இன்னொரு கல்லறைதான்.

1847-இல் எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' வந்தபோது இந்த நாயகன் முதன்முறையாகப் பிரபுப் பட்டத்தை இழக்கிறான். லிவர்பூல் துறைமுக நகரின் தெருவில், பசியோடும் பேச்சு புரியாமலும் கிடந்த சிறுவனாகத்தான் ஹீத்கிளிஃப் கண்டெடுக்கப்படுகிறான். அவன் எந்த நாட்டவன் என்பதைப் புதினம் கடைசிவரை சொல்வதில்லை. பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் அவனைப் பார்த்து, இவன் ஒரு லஸ்கராக இருக்கலாம், இல்லையேல் அமெரிக்க அல்லது ஸ்பானிய அநாதையாக இருக்கலாம் என்கிறார். லஸ்கர்கள் என்போர் நம் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வேலைக்குப் போனவர்கள் என்பதை நான் சொன்னதும் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சலசலப்பு எழும். துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாக்களும் மாமன்களும் அவர்களுக்கு உண்டு. யார்க்ஷயர் புல்வெளியில் அலையும் அந்தக் கறுத்த சிறுவன் அவர்களுக்கு அந்நியனாகத் தெரிவதில்லை. அவனை அடித்தவர்கள்மேல் அவர்களுக்கு வரும் கோபமும் பொய்யானதில்லை.

ஹீத்கிளிஃபுக்குச் செய்யப்பட்ட கொடுமை எவ்வளவு உண்மையோ, அவன் பிறருக்குச் செய்த கொடுமையும் அவ்வளவு உண்மை என்பதை எமிலி பிராண்டி எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இசபெல்லா அவனோடு ஓடிப்போகிறாள். அவளுடைய நாயைத் தூக்கிலிட்டுத் தொங்கவிட்டுத்தான் அவன் அந்தப் பயணத்தையே தொடங்குகிறான். புகுந்த வீட்டிலிருந்து அவள் எழுதும் கடிதத்தில், ஹீத்கிளிஃப் ஒரு மனிதன்தானா, மனிதனென்றால் பைத்தியமா, இல்லையென்றால் பேயா என்று கேட்கிறாள். பிற்பாடு ஹீத்கிளிஃபே, இவள் என்னை ஏதோ காதல் காவியத்தின் நாயகனாகக் கற்பனை செய்துகொண்டு வந்துவிட்டாள் என்று அவள் எதிரிலேயே எள்ளி நகைக்கிறான். பைரனைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் பெண்களை நோக்கி, அந்த நாயகனின் வாயாலேயே எமிலி பிராண்டி விடுத்த எச்சரிக்கையாக நான் இந்த இடத்தைப் படிக்கிறேன். இசபெல்லா அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் பிழைத்தவள். கருவுற்ற நிலையில் அந்த வீட்டைவிட்டு ஓடி, தெற்கே போய், மகனைத் தனியாக வளர்த்தவள். திரைப்படங்கள் பெரும்பாலும் அவளை மறந்துவிடுகின்றன.

ஒருமுறை இந்தப் புதினத்தை நடத்திக்கொண்டிருந்தபோது காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "சார், இவங்க எல்லாரும் இப்படிக் கோபத்துலயும் அழுகையிலயுமே இருந்தா அந்த வீட்ல யாரு சார் சோறு பொங்கினது?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஆனால் புதினத்தின் அடித்தளத்தையே தொட்ட கேள்வி அது. அந்த வீட்டில் சமைத்ததும், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததும், நோயாளிகளுக்குப் பக்கத்தில் விழித்திருந்ததும் நெல்லி டீன் என்னும் பணிப்பெண். நமக்கு இந்தக் கதையையே சொல்பவளும் அவள்தான். ஹீத்கிளிஃபின் பெருந்துயரம் முழுவதும், அவனுக்குச் சோறு போட்ட ஒருத்தியின் வாய்வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது. அவள் தன் பக்கச் சார்போடுதான் சொல்கிறாள்; அவளை முழுவதும் நம்ப முடியாது என்று வாதிடும் விமர்சகர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். எமிலி பிராண்டி கதையை அவளிடம் ஒப்படைத்தார் என்பதே எனக்கு முக்கியம்.

ரஷ்யாவில் புஷ்கின் இதை இன்னும் மென்மையாகச் செய்தார். 'எவ்கேனி ஒனேகின்' ஏழாம் அத்தியாயத்தில், தன் காதலை மறுத்துவிட்டு, அற்பக் காரணத்துக்காக நண்பன் லென்ஸ்கியைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றுவிட்டு ஊரைவிட்டுப் போன ஒனேகினின் வெற்று வீட்டுக்குள் தாத்தியானா நுழைகிறாள். சுவரில் பைரனின் படம். மேசையில் கைகட்டி நிற்கும் நெப்போலியனின் சிறு உருவம். அவன் படித்த புத்தகங்களின் ஓரங்களில் நகத்தால் இட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டே போகும் அவளுக்கு, இவன் ஹரால்டின் போர்வையைப் போர்த்திய மாஸ்கோக்காரன்தானோ, வெறும் நகல்தானோ என்ற ஐயம் மெல்ல மெல்ல எழுகிறது. நேசிப்பதை அவள் நிறுத்துவதில்லை. ஆனால் அவளுடைய பார்வை தெளிந்துவிடுகிறது. கடைசியில் அவனே வந்து காலில் விழும்போது மறுக்கும் வலிமை அந்த வெற்று வீட்டில்தான் அவளுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். 1840-இல் லெர்மந்தோவ் எழுதிய 'நம் காலத்து நாயகன்' புதினத்தில் பெச்சோரினுக்காக ஆவலோடு காத்திருந்து, ஒரு குளிர்ந்த கைகுலுக்கலை மட்டும் பெறும் முதிய அதிகாரி மக்சீம் மக்சீமிச்சும் இந்த வரிசையில் வருபவர்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. கம்பனை மில்டனோடு ஒப்பிட்டு வ.வே.சு. ஐயர் எழுதியது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. அவ்வாறு ஒப்பிடத் தூண்டுவதில் இராவணனுக்குப் பெரும் பங்கு உண்டு. கயிலையைத் தூக்கியவன், இசையில் வல்லவன், யாருக்கும் வணங்காதவன், தன் வீழ்ச்சியைத் தானே தேடிக்கொண்டவன். ஆனால் கம்பன் அவனைத் தனியாகச் சாகவிடவில்லை. களத்தில் கிடக்கும் உடலின் மேல் மண்டோதரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். சானகியை மனச்சிறையில் மறைத்துவைத்த காதல் இந்த உடலுக்குள் எங்கேனும் இன்னும் ஒளிந்திருக்குமோ என்று எண்ணித்தான் இராமனின் அம்பு உள்ளே புகுந்து தடவித் தேடியதோ என்று அவள் கேட்கிறாள். கணவனின் பேராண்மையையும், தனக்கு அவன் இழைத்ததையும், தான் அவனை நேசித்ததையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கம்பனின் இராவணன் பாதி இராவணன்தான்.

பாரதி இளமையில் ஷெல்லிதாசன் என்று கையெழுத்திட்டார். பைரன்தாசன் என்று இட்டிருக்கவும் வாய்ப்பு இருந்தது. அந்தக் காலத்து இளைஞர்களுக்குப் பைரனின் பெயரில் கவர்ச்சி குறைவில்லை. பைரனின் நண்பரும் கவிஞருமான ஷெல்லியைத் தேர்ந்ததன் பொருத்தத்தை, 1820-இல் வந்த 'விடுபட்ட புரோமிதியஸ்' நாடகத்தின் முன்னுரையைப் படிக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். மில்டனின் சாத்தானைவிட, மனிதருக்காக நெருப்பைத் திருடிய கிரேக்கத் தொன்ம நாயகன் புரோமிதியஸ் கவிதைக்கு ஏற்றவன் என்று ஷெல்லி அதில் வாதிடுகிறார். துணிவும், கம்பீரமும், பேராற்றலை எதிர்த்து நிற்கும் உறுதியும் இருவருக்கும் உண்டு, ஆனால் பேராசையும் பொறாமையும் பழியுணர்ச்சியும் தன்னை உயர்த்திக்கொள்ளும் வேட்கையும் புரோமிதியஸிடம் இல்லை என்கிறார். பாறையில் கட்டுண்டு கிடக்கும் அவன், கடவுளின் மேல் தான் இட்ட சாபத்தைத் தானே திரும்பப் பெறும் இடத்திலிருந்துதான் அந்த நாடகத்தில் விடுதலை தொடங்குகிறது. கலைநயத்தில் பைரனின் நாயகர்கள் இதைவிட உயிரோட்டமானவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனம் சாய்வது மட்டும் ஷெல்லியின் பக்கம்.

வடசென்னை என்றாலே கத்தியும், தாடியும், ஒதுங்கி நின்று புகைக்கும் நாயகனும் என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டன. அந்த நாயகன் பைரனின் கொள்ளுப்பேரன்தான். அவனிடம் அதே காயம், அதே செருக்கு, சொல்லப்படாத அதே பழைய குற்றம். எனக்கு அவன் மேல் பகையில்லை. அவனைச் சுற்றியிருப்பவர்களை வெட்டி எறிந்துவிடும் எழுத்தின் மேல்தான் வருத்தம். நீதிமன்ற வாசலில் பகல் முழுவதும் நிற்கும் தாயும், அவனை நம்பிப் போய்ச் சிறைப்பட்ட நண்பனும், அவன் பேசாமல் இருந்த நாட்களிலெல்லாம் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்திய தங்கையும் அந்தக் கதைகளில் இரண்டொரு காட்சிகளோடு மறைந்துவிடுகிறார்கள். பைரன் குல்னாருக்குக் கொடுத்த இடத்தைக்கூட அவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. இங்கே கால்பந்தும் குத்துச்சண்டையும் கற்றுத்தரும் அண்ணன்மார்களும், மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லும் அக்காமார்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுடைய பிடிவாதத்தையும் எதிர்ப்பையும் கலகம் என்று எழுதத் துணிபவர்களுக்காகக் காத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த காட்சியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது பைரனுடைய ஜெனீவா ஏரிக்கரை வீட்டில், 1816-ஆம் ஆண்டின் மழை பிடித்த கோடையில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதத் தொடங்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினத்தில் இருக்கிறது. மேரி ஷெல்லி அங்கே பைரனையும் ஷெல்லியையும் அருகிலிருந்து பார்த்தவர், பக்கத்தில் நின்றவர். அவருடைய புதினத்தில் இந்த நாயகன் மூன்றாகப் பிரிகிறான்: உயிரைப் படைக்கத் துணிந்த விக்டர், மில்டனைப் படித்துவிட்டுத் தன்னை வீழ்ந்த தேவதூதனோடு ஒப்பிட்டுக்கொள்ளும் படைப்புயிர், வடதுருவத்தை அடையத் துடிக்கும் கப்பல் தலைவன் வால்டன். முடிவுக்கு அருகில் வால்டனின் கப்பல் பனிக்கட்டிகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. மாலுமிகளில் பலர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர்களின் சார்பாகச் சிலர் தலைவனின் அறைக்கு வந்து, பனி விலகினால் தெற்கே திரும்புவதாக வாக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். சாகும் நிலையிலிருக்கும் விக்டர் எழுந்து உட்கார்ந்து, ஆண்களாக இருங்கள், ஆண்களையும் விஞ்சியவர்களாக இருங்கள், அவமானத்தோடு குடும்பங்களுக்குத் திரும்பாதீர்கள் என்று முழங்குகிறான். மிக அழகான பேச்சு. மாலுமிகளும் கலங்கிப்போகிறார்கள். ஆனால் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வால்டன் இணங்குகிறான், பனி உடைந்து, கப்பல் திரும்புகிறது, மாலுமிகளின் ஆரவாரம் எழுகிறது. இந்தப் புதினம் 1818-இல் வெளிவந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த மெல்விலின் 'மோபி டிக்' கப்பலில், வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துரத்தும் தலைவன் ஏகாபை எவரும் தடுக்கவில்லை. துணைத்தலைவன் ஸ்டார்பக் துப்பாக்கியைக் கையிலெடுத்தும் திரும்ப வைத்துவிடுகிறான். இஷ்மேல் ஒருவனைத் தவிர அனைவரும் கடலுக்குள் போகிறார்கள்.

இந்த இரண்டு கப்பல்களையும் ஒருசேர வைத்துப் பேசிய நாளில், விசைப்படகில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன், "அந்த ஆளுங்க செஞ்சதுதான் சார் கரெக்ட்டு. உசுரோட கரைக்கு வந்தாதான மறுபடி கடலுக்குப் போவ முடியும்?" என்றான். பின்வரிசையிலிருந்து இன்னொருவன் உடனே மறுத்தான்: எல்லாரும் திரும்பிப் போனால் வடதுருவத்தை யார் பார்ப்பது என்று கேட்டான். மணி அடித்த பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை. படிக்கட்டுகளில் இறங்கும்போதும் அவர்கள் விக்டருக்காகவும் மாலுமிகளுக்காகவும் வாதாடிக்கொண்டே போனார்கள்.

அந்தப் புதினம் முழுவதும் வால்டன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்களாக அமைந்திருக்கிறது. வாக்குக் கேட்டு அறைக்குள் வந்த மாலுமிகளுக்கு அதில் பெயர்கூட இல்லை. வரும் பருவத்தில் தேர்வுக் கட்டுரைக்குப் பதிலாக, அந்த மாலுமிகளில் ஒருவர் கப்பல் திரும்பிய அன்று இரவு தம் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை எழுதி வருமாறு இரண்டாமாண்டு மாணவர்களிடம் சொல்லப் போகிறேன். விக்டரின் பேச்சைக் கேட்டுக் கலங்கியதையும், கலங்கியும் இணங்காததையும் இரண்டையும் எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.